கடலின் நுண்பயிரும் காலநிலை ஊசலும்

கடலூரினின்று சிதம்பரம் செல்வோர் வழியிலே நெல்வயல்களைக் காண்பர். கிழக்கே கடலிலும் ஒரு பயிர் விளைகின்றது என்பதை நினைப்பார் சிலரே. தாவர மிதவையுயிர் எனப்படும் அது, வேரும் இலையும் இல்லாதது. வெறுங்கண்ணுக்குப் புலனாகா நுண்மையது. எனினும் உலகில் ஒளிச்சேர்க்கையால் நிகழும் உணவாக்கத்தில் ஏறத்தாழப் பாதி இதனுடையதே. இதனை நுண்விலங்குகள் உண்ணும். அவற்றைச் சிறுமீன் உண்ணும். மீனால் நம் கரையோர் வாழ்வர்.

இப்பயிர்க்கு இன்றியமையாதன ஒளியும் உரமும். ஒளி மேற்பரப்பில் உண்டு; நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் முதலிய உரமோ குளிர்ந்த ஆழத்தில் மிகுந்துள்ளது. வெப்பமண்டலக் கடலில் மேல்நீர் சூடேறி இலேசாகி, மூடிபோற் கிடத்தலின், உரம் மேலேறுதல் அரிது. காற்று அம்மூடியை விலக்குமிடத்தே பயிர் செழிக்கும். ஆகவே, காற்றின் முறை மாறின் பயிரின் முறையும் மாறும்.

பசிபிக் பெருங்கடலில் இரண்டு முதல் ஏழாண்டுகளுக்கு ஒருமுறை கீழ்க்காற்றுத் தளரும். அப்போது பெரு நாட்டுக் கரையில் வெந்நீர் பரந்து உரத்தைத் தடுக்கும். கிறிஸ்து பிறந்த திருநாளையொட்டித் தோன்றுதல் பற்றி, அந்நாட்டு மீனவர் இதனை 'எல் நினோ', அஃதாவது பாலன் இயேசு, என்றனர். பெயர் இனிது, விளைவோ கொடிது. 1972-73இல் இதுவும் அளவிறந்த மீன்பிடிப்பும் சேர்ந்து அந்நாட்டு நெத்திலி வளத்தை வீழ்த்தின.

இதனையொத்த ஊசல் இந்துமகா சமுத்திரத்திலும் உண்டு. 1999இல் அறிஞர் அதற்கு 'இருமுனை' எனப் பெயரிட்டனர். 1997இல் சுமத்திரா, ஜாவாக் கரைகளில் குளிர்நீர் மேலெழுந்து பயிர் பெருகியதை, அவ்வாண்டே ஏவப்பட்ட செயற்கைக்கோள் காட்டிற்று. மேற்கிலோ வெந்நீர் திரண்டு பயிர் குன்றிற்று. ஒரே ஊசல் ஓரிடத்தே விளைவும் பிறிதோரிடத்தே பஞ்சமும் தருதல் காண்க.

நம் கரையிலோ மழையும் இதனுடன் கூடுகின்றது. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மிகும். வலிய எல் நினோ நிகழ்ந்த 2015ஆம் ஆண்டு நவம்பரில் கடலூர் வெள்ளத்தில் மூழ்கியதை யாவரும் அறிவர். வெள்ளம் நிலத்தின் உரத்தைக் கடலுக்குக் கொணரும். ஆயினும் அதன் கலங்கல் ஒளியை மறைக்கும். நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து மற்றொரு மூடியாகும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தே மழைக்காலத்தில் குறையும் மிதவையுயிர், நீர் தெளிந்தபின் கோடையில் பெருகுதற்குக் காரணம் இதுவே.

ஊஞ்சலை ஒரு கணம் நோக்குவான் அது போகின்றதோ வருகின்றதோ என்று கூறமாட்டான். அதுபோல, ஈராண்டுக் கணக்கைக் கொண்டு கடல் வறண்டதென்றோ செழித்ததென்றோ துணிதல் தகாது. உலகம் வெப்பமுறும் இந்நாளில், காணும் குறைவு மீளும் ஊசலோ மீளா வீழ்ச்சியோ என்பதை அறிந்தாலன்றி மீனவர்க்கு நல்வழி கூறல் இயலாது. அதனை அறிவிப்பது ஓரிடத்தே பல்லாண்டு இடையறாது எடுக்கும் கணக்கேயாம். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையம் போன்றவற்றின் பொறுமையான பணியின் அருமை இதனால் விளங்கும்.