இடுப்புவலிக்கு யாரிடம் போவது?

இடுப்பு பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு யோசனை வரும். ஒருவர் தெருமுனை பிசியோவைச் சொல்வார், இன்னொருவர் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசானைச் சொல்வார். வீட்டுப் பிள்ளைகள் கழுத்தை டக்கென்று திருப்பும் வீடியோவைக் காட்டி, ஆஸ்டியோபதி பார்க்கலாமே என்பார்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்த யோசனை எதுவும் வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொள்கிறது அல்லது தெரியாமல் போகிறது, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது என்றால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சல், கீழே விழுந்த பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் முதலில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றபடி சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். தேறும் நாட்களில் யார் கை வைத்தாரோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது!

ஆஸ்டியோபதியை 1874-இல் தொடங்கியவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். தசையை நீவி, மூட்டை மெல்ல அசைத்து, உடம்பை மொத்தமாகப் பார்க்கும் முறை அது. 1895-இல் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய கைரோபிராக்டிக், முதுகெலும்பைச் சட்டென அழுத்தித் திருப்புவதில்தான் கூடுதல் கவனம் வைக்கிறது. அப்போது கேட்கும் சத்தம், விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தமல்ல. விரலில் நெட்டி முறிப்போமே, அதேதான். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாகத்தான் என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எலும்பு பலவீனமான முதியவர்களுக்கு அந்தத் திருப்பலே கூடாது.

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் பெற்றவர் மருந்தும் எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்தான் ஆஸ்டியோபாத் என்ற பெயரைப் போட்டுக்கொள்ள முடியும். நம் ஊரில் பலகையை மட்டும் நம்பாமல், எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். வர்மத்துக்கும் இதே கேள்விதான். சித்த மருத்துவப் பட்டம் உள்ளவராகப் பார்த்துப் போவது நல்லது.

என் ஓட்டு பிசியோவுக்கு. ஆனால் எல்லா பிசியோவுக்கும் இல்லை. படுக்க வைத்து, கரண்ட் வைத்து, இழுவை மாட்டி, இருபது நிமிடத்தில் அடுத்த ஆளைக் கூப்பிடும் இடங்கள் நிறைய. இடுப்புவலிக்கு இந்தக் கரண்டும் இழுவையும் வேண்டாம் என்கிறது பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். கையால் செய்யும் சிகிச்சையையும் உடற்பயிற்சியோடு சேர்த்தால் மட்டுமே அது பரிந்துரைக்கிறது. ஆகவே பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும், வீட்டில் செய்ய என்ன பயிற்சி தருகிறார் என்று பாருங்கள்.

முதல் தடவை தளர்வான உடையில் போங்கள். பழைய ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் கையில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்லவர் என்றால் கை வைக்கும் முன் நிறையக் கேட்பார், குனியச் சொல்வார், நடக்கச் சொல்வார். மறுநாள் உடம்பு கொஞ்சம் அடித்துப்போட்டாற்போல் இருப்பது சகஜம். வலி காலுக்கு இறங்கினால் உடனே சொல்லுங்கள். இருபது சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒவ்வொரு தடவையும் கட்டுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நாலைந்து தடவை போயும் மாற்றமே இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.