பயண வானுக்கு எல்.ஈ.டி. விளக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

தெல்லிப்பழையிலிருந்து கதிர்காமத்துக்கு வான் பிடித்துப் போனவர்களுக்கு அந்த இரவு நன்றாகத் தெரியும். பகல் முழுக்க ஓடிக் களைத்து வந்து தரிப்பிடத்தில் வானை நிறுத்துவோம். காற்றுக்காகப் பக்கக் கதவைத் திறந்து வைப்போம். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்க, பெரியவர்கள் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பார்கள். கூரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விடிய நாலரைக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். பிறகு தள்ளிவிட ஆள் தேட வேண்டியதுதான்.

இதைத் தடுக்கும் வேலை பெரியதல்ல. ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும். விளக்குகளை எல்.ஈ.டி.க்கு மாற்றுவதன் முதல் நோக்கம் அழகோ வெளிச்சமோ அல்ல, காலையில் வான் ஸ்ரார்ட் ஆக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாகத் தெளியும். வாருங்கள், ஒவ்வொன்றாகச் செய்வோம்.

எந்த வாகனம்?

வெளிநாட்டில் கரவன் என்றால் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சிறு வீடு. நம் வீதியில் கரவன் என்றால் நிசான் வான். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள நம் உறவினர் விடுமுறைக்கு மோட்டார் ஹோம் எடுத்துப் போகிறார்கள். நமக்கு அந்த வேலையைச் செய்வது கரவனும், டொல்பின் என்று நாம் கூப்பிடும் ஹையேஸும்தான். கதிர்காமம், மடு, திருக்கேதீச்சரம், திருகோணமலை என்று போகும்போது அதுவே வீடு, அதுவே படுக்கை.

இந்த வான்கள் 12 வோல்ற்றில் ஓடுபவை. ரோசா, கோஸ்ரர் போன்ற சிறு பஸ்களும் லேலண்ட் பஸ்களும் பெரும்பாலும் 24 வோல்ற். 12 வோல்ற் பல்பை 24இல் போட்டால் நொடியில் கருகிவிடும். இரண்டு பற்றரி இருப்பதைப் பார்த்து மட்டும் முடிவு கட்டாதீர்கள், சில டீசல் வான்களில் 12 வோல்ற்றுக்கே இரண்டு இருக்கும். மல்டிமீற்றரை வைத்து அளந்துவிடுவோம்.

ஏன் மாற்ற வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். வானுக்குள் நான்கு விளக்குகள், ஒவ்வொன்றும் 10 வாற் இழை பல்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 வாற். 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.3 அம்பியர். மாலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை ஐந்து மணித்தியாலம் எரித்தால் 16 அம்பியர் மணிக்கு மேல் பற்றரியிலிருந்து போய்விடும். 70 அம்பியர் மணிப் பற்றரியில் இது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. பற்றரி புதிதென்றால் சமாளிக்கும். மூன்று வருடம் ஓடிய பற்றரியில் பெட்டியில் எழுதிய அளவு இருக்காது. அதோடு போன் சார்ஜ் செய்வோம், சின்ன விசிறி ஒன்றும் ஓடும்.

அதே நான்கு இடத்திலும் 1.5 வாற் எல்.ஈ.டி. போட்டால் மொத்தம் 6 வாற், அரை அம்பியர். ஐந்து மணித்தியாலத்துக்கு 2.5 அம்பியர் மணி. வெளிச்சம் குறையாது. இழை பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியே விடுகிறது. கூரை விளக்கின் பிளாஸ்ரிக் மூடி மஞ்சளாகி, நடுவில் பழுப்பு வட்டம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெப்பத்தின் தடயம் அது.

இன்னொன்றும் உண்டு. வானின் பற்றரி இஞ்சினை முடுக்குவதற்கென்று செய்யப்பட்டது. ஒரு நொடிக்குப் பெரிய மின்னோட்டம் கொடுக்கும், ஆனால் மெதுவாக வடிந்து வெறுமையாவதைத் தாங்காது. சில தடவை முற்றாக வடிந்தாலே அதன் ஆயுள் குறைந்துவிடும்.

போர்க்காலத் தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல் மண்ணெண்ணெயும் கிடைக்காமல், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் வைத்து விளக்கேற்றிப் படித்தவர்கள் நாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள். வெளிச்சத்தை எண்ணி எரிப்பது நமக்குப் புதிய பாடமே அல்ல.

முதலில் எண்ணுவோம்

கடைக்குப் போகும் முன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வானுக்குள் ஏறுவோம். முன் கூரை, நடுக் கூரை, பின் கூரை, படிக்கட்டு, பின்கதவு என எத்தனை விளக்கு என்று எழுதுவோம். ஒவ்வொரு மூடியையும் கழற்றிப் பல்பைப் பார்ப்போம்.

பெரும்பாலும் இரண்டு வகைதான் வரும். ஒன்று, இரு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட சிறு குழல் போன்ற பல்பு. இதற்கு நீளம் முக்கியம்: 31, 36, 41 மில்லிமீற்றர் எனப் பல அளவு உண்டு. மற்றது, உலோக அடி இல்லாமல் கண்ணாடியே தட்டையாக முடியும் ரி10 பல்பு. பஸ்களிலும் பெரிய விளக்குகளிலும், திருகிப் பூட்டும் உலோக அடி கொண்ட பல்பு இருக்கலாம். பழைய பல்பையே கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதுதான் மிக நல்ல வழி.

பின் கூரையில் சிறிய டியூப் லைற் இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு சிறு சுற்றுப்பலகை இருக்கும். அதைக் கழற்றிவிட்டு நேரடியாக 12 வோல்ற் கொடுத்தால்தான் எல்.ஈ.டி. எரியும். இந்த ஒன்றை மட்டும் வயரிங் தெரிந்தவரிடம் விடலாம்.

என்ன வாங்குவது?

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பெட்டியில் '12 வோல்ற்' என்று மட்டும் எழுதிய மலிவான பல்பை வாங்குவார்கள். ஆனால் வானில் மின்னழுத்தம் ஒருபோதும் சரியாக 12இல் நிற்பதில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பற்றரி 12.6, 12.7 காட்டும். இஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும். இழை பல்பு இதைப் பொறுத்துக்கொள்ளும். எல்.ஈ.டி.யோ, உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று இல்லாவிட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துபோகும். '10 முதல் 30 வோல்ற்' என்று எழுதியதைத் தேடி வாங்குவோம். அது ரோசாவுக்கும் பொருந்தும், வானுக்கும் பொருந்தும்.

அடுத்தது நிறம். வெள்ளை எல்.ஈ.டி. உண்மையில் நீல எல்.ஈ.டி.தான். அதன்மேல் மஞ்சள் பொசுபர் பூச்சுப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலத்தை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. 6500 கெல்வின் என்று எழுதிய விளக்கில் நீலம் அதிகம். நீலம் கூடினால் பூச்சியும் கூடும், காட்டோரத்தில் கதவைத் திறந்து வைத்துப் படுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 3000 கெல்வின் வெதுவெதுப்பான மஞ்சள், அதில் பிள்ளைகளும் சுகமாகத் தூங்குவார்கள். படுக்கும் பக்கத்துக்கு 3000, சாமான் எடுக்கும் பின்கதவுக்கு 4000 என்பது என் தெரிவு.

எவ்வளவு செலவு?

சிறு எல்.ஈ.டி. பல்பு ஒன்று தரத்தைப் பொறுத்துச் சில நூறு ரூபா. நான்கு, ஐந்து பல்போடு வேலை முடியும். சுன்னாகத்திலோ யாழ்ப்பாண நகரிலோ உள்ள வாகன உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். டொலர் விலையோடு இதுவும் ஏறி இறங்கும் என்பதால் இரண்டு கடையில் விசாரிப்பது நல்லது. மல்டிமீற்றர், பியூஸ், நல்ல இன்சுலேஷன் ரேப் ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை அடுத்த வேலைக்கும் உதவும்.

மறுபக்கத்தில் ஒரு புதுப் பற்றரியின் விலையை வைத்துப் பாருங்கள், பல பத்தாயிரம் ரூபா. பற்றரி ஒரு வருடம் கூடுதலாக உழைத்தாலே செலவு பல மடங்காகத் திரும்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வசதியில்லையா? அதிக நேரம் எரியும் நடுக் கூரை விளக்கை முதலில் மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது?

இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுவோம். பியூஸ் பெட்டியில் கூரை விளக்குக்கான பியூஸைக் கழற்றுவோம். இதைத் தவிர்க்க வேண்டாம். கதவு விளக்குக்குச் சாவி இல்லாமலே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், ஸ்குரூட்ரைவர் நுனி ஒரே நேரத்தில் பல்பைப் பிடிக்கும் தகட்டிலும் வானின் உடம்பிலும் பட்டால் பியூஸ் எரியும். எனக்கு முதல் தடவை அப்படி எரிந்தபோது றேடியோவும் மணிக்கூடும் சேர்ந்தே நின்றுவிட்டன. மூன்றுக்கும் ஒரே பியூஸ் என்பது அப்போதுதான் தெரிந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பத்து நிமிடம் ஆறவிடுவோம், இழை பல்பு விரலைச் சுடும். மூடியின் ஓரத்தில் சிறு பள்ளம் இருக்கும். தட்டை ஸ்குரூட்ரைவரின் முனையில் ரேப் சுற்றி, அந்தப் பள்ளத்தில் வைத்து மெதுவாக நெம்பினால் மூடி கழன்று வரும். உள்ளே பார்த்தால் செத்த நுளம்பும் செம்மண் தூசியும் ஒட்டிக் கிடக்கும். மூடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உலர விடுங்கள். வெளிச்சம் கூடுவதற்கு இந்தக் கழுவலும் ஒரு காரணம்.

பல்பைப் பிடித்திருக்கும் இரு தகடுகளைப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்போம். காங்கேசன்துறைக் கடற்காற்றுப் படும் ஊர்களில் இது சாதாரணம். தகடு தளர்ந்திருந்தால் சற்று உள்ளே வளைத்துவிடலாம்.

இப்போது எல்.ஈ.டி.யைப் பொருத்தி, பியூஸைப் போட்டு, சுவிச்சைத் தட்டுவோம். எரியவில்லையா? பயம் வேண்டாம். எல்.ஈ.டி.க்கு நேர், எதிர் உண்டு. பியூஸைக் கழற்றி, பல்பைத் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் எரிந்துவிடும். மூடி காய்ந்ததும் பூட்டிவிட்டு அடுத்த விளக்குக்குப் போவோம். ஒரு விளக்கை முடித்துச் சோதித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நாலையும் ஒன்றாகக் கழற்றினால் பிழை எங்கே என்று தேடவே பொழுது போய்விடும்.

ரேப் விளக்கு ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் அளவாக. ஐந்து மீற்றர்ச் சுருளாக விற்கும் ரேப் எல்.ஈ.டி.யை முழுதாகக் கூரையைச் சுற்றி ஒட்டுகிறவர்கள் உண்டு. 5050 வகை, மீற்றருக்கு 60 எல்.ஈ.டி. கொண்டது மீற்றருக்கு 14.4 வாற் எடுக்கும். ஐந்து மீற்றர் என்றால் 72 வாற், 6 அம்பியர். இழை பல்பைக் கழற்றி மிச்சம் பிடித்ததை இது இரண்டு மடங்காகத் திருப்பி வாங்கிக்கொள்ளும். மீற்றருக்கு 4.8 வாற் எடுக்கும் மெல்லிய வகையில் ஒரு மீற்றர் போதும். கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும்.

புதிதாக வயர் இழுப்பதானால், பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே 5 அம்பியர் பியூஸ் ஒன்று வையுங்கள். பியூஸை விளக்குப் பக்கம் வைத்தால் வழியில் வயர் உரசித் தேயும் இடத்துக்குக் காவல் இல்லை. வானுக்குள் நெருப்புப் பிடிக்க இப்படிப்பட்ட வயரும் காரணமாகலாம். தகட்டுத் துளை வழியே வயர் போகும் இடத்தில் றப்பர் வளையம் போடுங்கள்.

கவனம்

வெளி விளக்குகளில் கை வைக்க வேண்டாம். இழை பல்புக்கென்று வடிவமைத்த ஹெட்லைற்றுக்குள் எல்.ஈ.டி.யைப் போட்டால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இரவில் ஏ9 வீதியில் மாடு நிற்கும், சைக்கிள் வரும், கண் கூசும் அந்த ஒரு நொடி பெரிய நொடி. சிக்னல் விளக்கை மாற்றினால் அது வழக்கத்தைவிட வேகமாக அடிக்கத் தொடங்கும், பல்பு ஒன்று போய்விட்டது என்று வாகனம் எண்ணுவதே காரணம். பொலிஸ் மறித்தாலும் சிக்கல்தான்.

விளக்கைப் போட்டதும் பண்பலை வானொலியில் இரைச்சல் வந்தால் பல்பின் உள்சுற்று தரமற்றது என்று பொருள். கடையில் மாற்றிக் கேளுங்கள். சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் வானின் கூரை கொதிக்கும், எல்.ஈ.டி.க்கு எதிரி வெப்பம்தான். அலுமினிய முதுகு கொண்ட பல்பு கூடுதலாக உழைக்கும்.

புறப்படும் முன் ஒரு சோதனை

பயணத்துக்கு ஒரு வாரம் முன், வீட்டு முற்றத்திலேயே ஒத்திகை பார்ப்போம். மாலையில் வானைச் சிறிது தூரம் ஓட்டி வந்து நிறுத்தி, ஒரு மணித்தியாலம் கழித்துப் பற்றரியை அளந்து எழுதுவோம். பிறகு கதவைத் திறந்து வைத்து, எல்லா உள்விளக்கையும் போட்டு, ஐந்து மணித்தியாலம் விடுவோம். அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். விடிய மறுபடி அளக்கும்போது 12.5க்குக் கிட்ட நின்றால் நிம்மதி. 12.2க்குக் கீழே போயிருந்தால் பற்றரியில் பாதிதான் மிச்சம். விளக்குகள் இவ்வளவு குறைவாக எடுத்தும் அப்படி இறங்கினால் பிழை பற்றரியில், அல்லது எங்கோ மின்சாரம் கசிகிறது. அதைப் பயணத்துக்கு முன்பே கராஜில் காட்டிவிடுங்கள்.

கழற்றிய பழைய பல்புகளில் நல்லதாக இரண்டைத் துணியில் சுற்றி முன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எல்.ஈ.டி. ஒன்று போனால் அன்றிரவுக்கு அது உதவும்.