டிசைன் வேலைக்கு வருகிறீர்களா? முதலில் பில் கவுன்ட்டரில் போய் உட்காருங்கள்

2006-ல் எனக்குச் சோறு போட்டது ஃப்ளாஷ். மேக்ரோமீடியாவிடமிருந்து அது அடோபியின் கைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ‘ஃப்ளாஷ் வருமா?’ என்ற ஒரே கேள்வியில் நேர்காணல் முடிந்துவிடும். ஆக்‌ஷன் ஸ்கிரிப்ட் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிய காலம் அது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். ஐஃபோனிலும் ஐபேடிலும் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று அதில் காரணங்களை அடுக்கியிருந்தார். நாங்கள் சிரித்தோம். கைப்பேசியில் போய் யார் இணையதளம் பார்க்கப்போகிறார்கள்? 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஃப்ளாஷை மூட்டை கட்டியது. எங்கள் சிரிப்பு அதற்கு வெகு முன்பே நின்றுபோயிருந்தது.

அடுத்து ஃபயர்வொர்க்ஸ் கற்றேன். 2013-ல் அதை இனி வளர்க்கப்போவதில்லை என்று அடோபி சொல்லிவிட்டது. ஸ்கெட்ச் கற்றேன். அது மேக்கில் மட்டுமே ஓடும் என்பதால் தவணையில் மேக் வாங்கினேன். 2016-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஃபிக்மா எந்தக் கணினியிலும் பிரவுசருக்குள்ளேயே ஓடியது. என் தவணை முடிவதற்குள் மொத்த அலுவலகமும் அங்கே குடியேறிவிட்டது. அந்த ஃபிக்மாவையே 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-ல் அறிவித்த அடோபி, 2023 டிசம்பரில் கையை விரித்தது. உங்கள் கருவி நாளைக்கு யார் கையில் இருக்கும் என்பதைக்கூட நீங்கள் முடிவு செய்ய முடியாது.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இது: எந்தப் புதுக் கருவிக்கும் இரண்டு வாரம் கொடுங்கள். தினமும் கைக்கு வரும் பத்து விஷயங்களைப் பழகிக்கொண்டு நிறுத்துங்கள். மிச்சத்தை வேலையே சொல்லித்தரும். மிஞ்சும் நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பில் கவுன்ட்டர் அக்கா.

தென்மாவட்டத்து ஜவுளிக்கடை ஒன்றுக்கு புது பில்லிங் மென்பொருள் செய்தோம். பழையது ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸே கிடையாது. நாங்கள் கொடுத்தது பளிச்சென்று இருந்தது. தாராளமாக இடம் விட்டிருந்தோம், நீலப் பொத்தான் வைத்திருந்தோம், தேர்ந்தெடுக்க வசதியாகக் கீழே விரியும் பட்டியல்கள் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் வரிசை மாடிப்படி வரைக்கும் போயிற்று. கடை மேனேஜர் எங்களுக்குப் புகார்கூடச் சொல்லவில்லை. பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

நான் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வலது கை நம்பர் பேடை விட்டு நகரவில்லை. இடது கை புடவையைப் புரட்டி விலைச்சீட்டைத் தேடும். கண் திரையில் இல்லை, துணியில் இருந்தது, பிறகு வாடிக்கையாளர் முகத்தில். “தம்பி, இந்த எலியப் பிடிக்கக் கைய எடுக்கணும், தேடணும், அமுக்கணும், மறுபடி கைய இங்க கொண்டுவரணும். அதுக்குள்ள ரெண்டு பில்லு போட்டுருவேன்” என்றார். எண்ணிப் பார்த்தேன். எங்கள் மென்பொருளில் ஒரு பில்லுக்கு ஏழு முறை கை கீபோர்டை விட்டுப் போய் வந்தது.

திரையின் நிறத்தையும் எழுத்தையும் தொடவில்லை. என்டர் தட்டினால் அடுத்த கட்டம், கூட்டல் குறி தட்டினால் அடுத்த உருப்படி, பில்லை முடிக்க அவருக்குப் பழகிய அதே ஃபங்ஷன் கீ. டேலியில் வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் இது புரியும். விற்பனைக்கு எஃப்8, ரசீதுக்கு எஃப்6, ஏற்றுக்கொள்ள கன்ட்ரோல்-ஏ என்று விரல் தானாகப் போகும். அந்த விரல்களுக்குத் தெரிந்தது எந்த டிசைன் பள்ளியின் பாடத்திட்டத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப் போய் உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அரை நாள் கேளுங்கள், முழு நாள் கேட்டால் அனுமதி கிடைக்காது. லேப்டாப் வேண்டாம், ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிடுவார்கள். குட்டி நோட்டு போதும். ‘பிடிச்சிருக்கா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ‘நல்லாருக்கு தம்பி’ என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரில் ஒட்டிய துண்டுச் சீட்டு, பக்கத்தில் ஒரு கால்குலேட்டர், கார்பன் வைத்த பழைய பில் புத்தகம். ஒவ்வொன்றும் உங்கள் மென்பொருள் எங்கேயோ கைவிட்டதற்குச் சாட்சி. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது ஆளிடமே முகம் தொங்கிவிடும்.

யுபிஐ 2016-ல் வந்தபோது எங்களைப் போன்றவர்கள் கைப்பேசித் திரையைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தோம். பணம் வந்ததைக் காட்டும் பச்சை டிக் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். பரோட்டா மாஸ்டருக்கு இரண்டு கையிலும் மாவு. அவர் எந்த டிக்கைப் பார்ப்பார்? வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சின்னப் பெட்டி அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி நழுவுகிறவர்களையும் அதுவே நிறுத்தியது. கடந்த பத்து வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த டிசைன்களில் ஒன்று அது. அதற்குத் திரையே முக்கியமில்லை என்பது, திரை வரைந்தே பிழைக்கிற எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

அலுவலகத்துக்குள்ளும் மாற்றம் குறைவில்லை. முன்பு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘இதுதான் ஃபைனல்’ என்று கோப்புகள் மின்னஞ்சலில் அலையும். இன்று எல்லோரும் ஒரே கோப்புக்குள். நீங்கள் ஒரு பொத்தானை நகர்த்தும்போதே மேலாளரின் பெயர் தாங்கிய அம்பு ஒன்று வந்து பக்கத்தில் நிற்கும். ஒன்றும் செய்யாது, சும்மா நிற்கும். இதற்கு என் வழி, காலையில் முதல் ஒரு மணி நேரம் பென்சிலும் காகிதமும்தான். மோசமான யோசனைகள் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே செத்துவிடும்.

ஏஐ விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லா இளைஞர்களும் கேட்பது அதைத்தான். ஒரு வரி எழுதினால் பத்துத் திரை வருகிறது, உண்மை. மாதிரித் தரவு நிரப்புவது, ஒரே திரையைப் பல அளவுகளில் போடுவது போன்ற சலிப்பூட்டும் வேலைகளை அதனிடம் தள்ளிவிடுங்கள். வந்ததை அப்படியே நம்பாதீர்கள். தமிழைப் போட்டுப் பாருங்கள். ‘சமர்ப்பிக்கவும்’ என்றதும் பொத்தான் பிதுங்கும். வரி இடைவெளி போதாமல் ‘தீ’யின் சுழி அறுபடும். சுயவிவரப் படம் இல்லாதவர்களுக்குப் பெயரின் முதலெழுத்தை வட்டத்தில் போடுவார்கள் அல்லவா, அதில் ‘கோமதி’ என்று கொடுத்துப் பாருங்கள். யூனிகோடில் ‘கோ’ என்பது ‘க’வும் ஓகாரக் குறியும் சேர்ந்தது. எழுத்தை எண்ணத் தெரியாத நிரல் முதல் குறியை மட்டும் வெட்டியெடுத்து கோமதியை ‘க’ ஆக்கிவிடும். குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள் என்றால் இன்னொரு கணக்கு: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும் செய்தியில் தமிழுக்கு 70 குறிகள்தான். ‘அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு’ என்று அழகாக ஆரம்பித்தால் பாதி இடம் முகமனுக்கே போய்விடும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது போர்ட்ஃபோலியோவில் இருபது அழகான திரைகளை அடுக்காதீர்கள். என்னைப் போல அதைப் பார்க்க உட்காருகிறவர்களுக்கு நான்காவது திரையிலேயே கண் சொக்கிவிடும். இரண்டே வேலைகளை வையுங்கள். யாரைப் பார்த்தீர்கள், அவர் என்ன செய்தார், அதனால் நீங்கள் எதைத் தூக்கிப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். தூக்கிப் போட்டதன் படத்தையும் சேருங்கள். நேர்காணலில் நான் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

போன வருடம் அந்த ஜவுளிக்கடைக்கு மறுபடி போனேன். அக்கா வேலையை விட்டு நின்றுவிட்டார். அவர் இடத்தில் இருபத்திரண்டு வயதுப் பையன். நம்பர் பேடில் தூசி படிந்திருந்தது. “சார், இதுல எதத் தொட்டாலும் வேலை செய்ய மாட்டேங்குது” என்று மானிட்டரை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.