குட்டியை விடுங்கள், தாய்க்குதிரையைத் தடவுங்கள்

"பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டியைக் கையால் தேய்த்துவிட்டால் அது காலத்துக்கும் நம்மை விட்டு விலகாது." இந்த வருடத்தில் மட்டும் நான்கு பேர் என்னிடம் இதைச் சொல்லிவிட்டார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை நடைக்கு வரும் நண்பர் ஒருவர், மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள் இரண்டு பேர். எல்லோருக்கும் ஆதாரம் செல்போனில் வந்த ஏதோ ஒரு வீடியோ. முப்பது வருடம் கால்நடைகளுக்கு வைத்தியம் பார்த்தவன் சொல்கிறேன், இந்தப் பேச்சை நம்பிக் குட்டியைச் சாகக் கொடுக்காதீர்கள்.

போன மாசியில் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. குட்டி பிறந்தது இரவு இரண்டு மணிக்கு. தாயை வேப்பமரத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாலு பேர் குட்டியைச் சாக்கின் மேல் கிடத்திக் காது, வயிறு, குளம்பு என்று தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர், சத்தத்துக்குப் பழகட்டும் என்று பிளாஸ்டிக் பையை அதன் காதோரம் கசக்கிக்கொண்டிருந்தார். தாயின் மடி கல்லாய் இறுகி, காம்பிலிருந்து சீம்பால் மண்ணில் சொட்டியது. குட்டி தள்ளாடி எழுந்து, மடி என்று நினைத்துச் சுவரை முட்டி முட்டிச் சப்பியது. ஏழு மணி நேரமாக ஒரு வாய் பால் உள்ளே போகவில்லை. முதலில் கயிற்றை அவிழுங்கள் என்று கத்தினேன்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையிலேயே தாயிடமிருந்து வந்துவிடும். குதிரைக்கு அப்படி வராது, நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. குட்டிக்குச் சீம்பால் ஒன்றுதான் வழி. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் குடலுக்கு மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய முடிந்துபோகும். பிறந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழ வேண்டும். அந்த நேரம் தாய்க்கும் குட்டிக்கும் உரியது. அங்கே நமக்கு என்ன வேலை?

பிறந்தவுடன் குட்டியைத் தேய்த்துப் பழக்கும் முறையைப் பரப்பியவர் ராபர்ட் மில்லர் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர். 1991இல் புத்தகமாகவே எழுதினார். வாத்துக்குஞ்சு முதலில் பார்த்த ஆளின் பின்னாலேயே போகும் என்று கான்ராட் லாரென்ஸ் காட்டியதைக் குதிரைக்கும் பொருத்திப் பார்த்த யோசனை அது. பிரான்சில் ரென் பல்கலைக்கழகத்தின் செவரின் ஆன்றி, மார்ட்டின் ஹவுஸ்பெர்ஜே குழுவினர் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். பிறந்தவுடன் மனிதக் கை பட்ட குட்டிகள் பால் குடிக்கவே தாமதித்தன. பிறகும் தாயை விட்டு நகர அஞ்சின, மற்ற குட்டிகளோடு சரியாக விளையாடவில்லை.

அதே குழு 2005இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. குட்டியைத் தொடவே இல்லை. முதல் ஐந்து நாள், தினம் கால் மணி நேரம், தாய்க்கு மெதுவாகப் பிரஷ் போட்டுக் கையால் தீனி கொடுத்தார்கள். குட்டி பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. அந்தக் குட்டிகள் பிறகு தாமாகவே ஆளிடம் வந்தன, முதுகில் சேண விரிப்பைப் போட்டபோது சீக்கிரம் ஏற்றுக்கொண்டன. ஒரு வயதை ஒட்டிப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரிந்தது. நீங்கள் யார் என்பதைக் குட்டி தாயின் காதையும் மூச்சையும் பார்த்துப் படிக்கிறது. தாய் காதை மடக்கிப் பின்வாங்கினால், நீங்கள் எத்தனை வெல்லம் நீட்டினாலும் குட்டி நம்பாது.

வெல்லம் ஊட்டினால் பாசம் வரும் என்பார்கள். வராது, கடிக்கும் பழக்கம்தான் வரும். சுழி சரியில்லாத குட்டி எஜமானுக்கு ஆகாது என்பதைப் பேசவே எனக்கு நேரமில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போகிறவர்கள், சுழி பார்க்கும் நேரத்தில் ஆள் கிட்டே வரும்போது தாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். தாய் பக்கத்தில் இல்லாத சின்னக் குட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். குட்டி போட்டு ஒரு மாதம்கூட ஆகாத குதிரையைச் சேணம் கட்டி ஊர்வலத்துக்குக் கொண்டுபோகிறார்கள், குட்டியும் பின்னாலேயே ஓடுகிறது. முன்னால் பேண்டு செட், காலடியில் சரவெடி. தாய் வெள்ளை விழி தெரிய மிரள்கிறது, கடிவாளத்தைச் சுண்டி இழுக்கிறார்கள், குட்டி எல்லாவற்றையும் பார்க்கிறது. டென்மார்க்கில் யான்னே வின்தர் கிறிஸ்டென்சன் குழு 2016இல் காட்டியது இதன் நல்ல பக்கத்தை: மிரட்டும் பொருள்களுக்கு ஏற்கெனவே பழகிய தாயோடு சேர்ந்து அவற்றைப் பார்த்த குட்டிகள், ஐந்து மாத வயதிலும் மற்றவற்றைவிடக் குறைவாகவே மிரண்டன. தாயின் தைரியம் குட்டிக்கு வரும் என்றால், சரவெடியில் நடுங்கும் தாயிடமிருந்து எது வரும்? மாப்பிள்ளை வீட்டார் குதிரை பேசப் போகும்போது, "இதற்குப் பால்குடிக் குட்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் அன்றைக்குக் கார் போதும்.