அணுவிரதமும் மகாவிரதமும்

ஒரே குறிக்கோளுக்கு உழைப்போர் யாவரும் ஒரே அளவில் ஈடுபடுவதில்லை. முற்றும் துறந்தவரை உலகம் போற்றும். சிறிதளவே செய்தவரை அரைமனத்தர் என எள்ளும். இது நேரிய கணிப்பா?

கொட்டச்சேட்டிலிருந்து மலையிறங்கினால் சேலம். அங்கு வழக்கறிஞராய் விளங்கிய இராஜாஜி, 1930 ஏப்ரல் 13 அன்று ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்கு உப்பு யாத்திரை புறப்பட்டார். தொண்டர்க்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். இல்லறத்தார் பலர் வெளிப்பட முன்வரவில்லை. ஆயினும் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். உப்பெடுத்துச் சிறை சென்ற தலைவரை வரலாறு அறியும். பொட்டலம் கட்டிய கைகளை அறியாது. அக்கைகளின்றித் தொண்டர் பசியாறியது எங்ஙனம்?

நம் சமயம் துறவியர்க்கு மகாவிரதமும் சிராவகர்க்கு அணுவிரதமும் வகுத்தது. கொல்லாமை முதலிய ஐந்தும் இருவர்க்கும் பொது, அளவே வேறு. சிராவகரின் ஆகாரதானமின்றி முனிவர் தவம் நிலைபெறாது. எனினும் அணுவிரதம் சோம்பலுக்குச் சாக்கன்று. ஏற்ற அளவை, அச்சம் சூழ்ந்த வேளையிலும் குறைவின்றிக் காத்தலே விரதம்.

பயிற்சி: பிள்ளைகளிடம், "பிறர் எவ்வளவு செய்தார்?" என்று வினவாதீர். "நீ ஏற்றது யாது? அதனை இன்று காத்தாயா?" என்று வினவுவீராக.