மரமும் எண்ணும்: சிறு கணினிச் செதுக்குப் பொறியைக் கையாளும் முறை



ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. உளியைப் பட்டையில் வைக்கும் அவர்களுடைய கையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் சீவி எடுக்கும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. உளியின் ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிர்ப்படலம் காயமுறும். அவ்விடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பின்னர் அங்கே வெட்டுவது அரிதாகிவிடும். விடியற்காலை இருளில், தலைவிளக்கின் ஒளியில், அளவுகோல் ஏதுமின்றி மில்லிமீட்டர்க் கணக்கில் வேலை செய்த கைகள் அவை.

அந்தக் கைகள் அறிந்திருந்த பாடத்தையே இன்று ஒரு சிறு பொறியின் துணையால் நாமும் பயிலலாம். ஒருவரே தூக்கி மேசைமேல் வைக்கக்கூடிய அப்பொறியைச் 'சி.என்.சி. ரௌட்டர்' என்பர். கணினி தரும் எண்களுக்கு ஏற்ப மரத்தைச் செதுக்கும் பொறி என்று நாம் பொருள் கொள்ளலாம். அதன் வரலாற்றையும், இயங்கும் முறையையும், அதனைக் கொண்டு பள்ளியிலும் வீட்டிலும் செய்யத்தக்க பொருள்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

பொறி பிறந்த வரலாறு

எண்களால் பொறியை இயக்கும் எண்ணம் அமெரிக்காவில் தோன்றியது. ஹெலிகாப்டரின் சுழலும் இறகுகளுக்குத் துல்லியமான வளைவு தேவைப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பார்சன்ஸ் என்பவர், அவ்வளைவின் புள்ளிகளை எண்களாகக் கணக்கிட்டு, அவ்வெண்களின்படி உலோகத்தை வெட்டலாம் என்று கருதினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் அவ்வகைப் பொறி ஒன்றை 1952ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினர். துளையிட்ட காகித நாடாவே அன்று அப்பொறிக்குக் கட்டளை கொடுத்தது.

நெடுங்காலம் பெரிய தொழிற்சாலைகள் மட்டுமே இத்தகைய பொறிகளை வாங்க முடிந்தது. பின்னர், உள்ளங்கையில் அடங்கும் மின்னணுப் பலகையே அவற்றை இயக்கும் காலம் வந்தது. நார்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருத் என்பவர் 2009ஆம் ஆண்டில் எழுதிய 'ஜி.ஆர்.பி.எல்.' என்னும் நிரல் யாவரும் விலையின்றிப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டது. இன்றைய சிறு பொறிகளுள் பல அந்நிரலாலேயே இயங்குகின்றன.

இயங்கும் முறை

பொறியின் உச்சியில் வேகமாகச் சுழலும் மோட்டார் ஒன்று உண்டு. அதன் முனையில் கூரிய வெட்டுமுனை பொருத்தப்படும். வேறு மூன்று மோட்டார்கள் அதனை இடம் வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்த்தும். இம்மூன்று திசைகளையும் முறையே எக்ஸ், ஒய், இசட் என்பர்.

நகர்த்தும் மோட்டார் படிப்படியாகச் சுழலும் தன்மையுடையது. பெரும்பாலும் 200 படிகள் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று ஆகும். ஒரு சுற்றுக்கு 4 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டு அதனோடு இணைந்திருந்தால், ஒரு படிக்கு எவ்வளவு நகரும்? நான்கை இருநூறால் வகுத்துப் பாருங்கள்: 0.02 மில்லிமீட்டர்! வகுப்பறையில் நாம் கற்கும் தசம எண்ணின் பயனை இங்கே கண்கூடாகக் காணலாம்.

பொறிக்கு நாம் அளிக்கும் கட்டளை மொழியை 'ஜி கோட்' என்பர். 'ஜி 0' என்றால் வெட்டாமல் விரைந்து செல். 'ஜி 1' என்றால் சொன்ன வேகத்தில் நேர்க்கோட்டில் வெட்டிச் செல். 'எம் 3' என்றால் வெட்டுமுனையைச் சுழற்று. 'எம் 5' என்றால் நிறுத்து. 'ஜி 1 எக்ஸ் 40 எஃப் 500' என்னும் வரி, 'எக்ஸ் திசையில் 40 என்னும் இடம்வரை, நிமிடத்திற்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் வெட்டிச் செல்' எனப் பொருள்படும்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

நமக்கு மிக அருகில் இருப்பது ரப்பர் மரமே. பால் வற்றிய முதிய மரங்களை ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டி, புதிய கன்றுகளை நடுவர். முற்காலத்தில் அம்மரம் பெரும்பாலும் விறகாகவே எரிந்தது. ரப்பர்த் தகடுகளை உலர்த்திய புகைக்கூண்டுகளும் அதனையே உண்டன. இன்றோ மலேசிய மரச்சாமான் தொழிலின் முதன்மையான மூலப்பொருள்களுள் அதுவும் ஒன்று.

எனினும், தோட்டத்தில் வெட்டிப் போட்ட பச்சை மரத்தை நேரே பொறியில் வைத்தல் கூடாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. ஆதலால் பூசணமும் வண்டும் விரைவில் பற்றும். ஈரம் உலரும்போது பலகை முறுக்கிக்கொள்ளும். போரான் உப்பு ஏற்றி உலர்த்திய பலகையையே கடையில் கேட்டு வாங்குதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டிய குறிப்புகள்

1. பலகையை அசையாமல் பொருத்துக. நான்கு மூலைகளிலும் கவ்விகளை இறுக்குக. வெட்டுமுனை செல்லும் வழியில் கவ்வி இல்லையென்பதை வெறும் ஓட்டத்தால் முதலில் உறுதி செய்க. அதாவது, முனையை மரத்திற்கு மேலே உயர்த்தி வைத்து, மோட்டாரைச் சுழற்றாமல் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

2. சுழியத்தைச் சரியாகக் குறிக்க. பலகையின்மேல் மெல்லிய தாளை வைத்து, மோட்டார் நின்றிருக்கும் நிலையில் முனையைச் சிறிது சிறிதாக இறக்குக. தாளை இழுக்கும்போது இலேசாகப் பிடிப்பது தெரிந்தால், அவ்விடமே இசட் திசையின் சுழியம். சாதாரணத் தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான், அப்பிழை நம் வேலைக்குப் பெரிதன்று.

3. ஒரே முறையில் ஆழமாக வெட்டாதீர். சிறு பொறிக்கு வலிமை குறைவு. 3 மில்லிமீட்டர் முனையால் ரப்பர் மரத்தை வெட்டும்போது, சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் ஆழத்தில் தொடங்குக. ஒலி சீராக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் வரை கூட்டலாம். பொறி அதிர்ந்தாலோ கீச்சிட்டாலோ ஆழத்தைக் குறைத்திடுக.

4. வேகத்தைக் கணக்கிட்டு அறிக. நிமிடத்திற்கு 10,000 சுற்றுகள், ஒரு வெட்டும் விளிம்பு, ஒவ்வொரு சுற்றிலும் 0.05 மில்லிமீட்டர்ச் சீவல் என்று கொண்டால், 10,000 × 1 × 0.05 = 500. எனவே நகரும் வேகம் நிமிடத்திற்கு 500 மில்லிமீட்டர். மிக மெதுவாக நகர்த்தினால் சீவல் வராமல் தூளே வரும், முனை சூடேறும், மரம் கருகும். மெதுவாகச் செய்வதெல்லாம் நன்மை என்று எண்ணிவிடக் கூடாது.

5. பாதுகாப்பை மறவாதீர். பெரியவர் உடனில்லாமல் மாணவர் பொறியை இயக்குதல் ஆகாது. கண்ணாடி அணிக, நீண்ட கூந்தலை முடிந்து கொள்க, தொங்கும் சங்கிலியையும் வளையலையும் கழற்றி வைக்க. மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே முகமூடி அணிந்து, தூசு உறிஞ்சியையும் இயக்குக. பொறி ஓடும்போது அதனைத் தனியே விட்டு அகலாதீர். நிறுத்தும் பொத்தான் எங்குள்ளது என்பதை அனைவரும் முதலிலேயே அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் கற்ற ஒரு பாடம்

முதன்முதலில் நாம் செய்ய முயன்றது 'தமிழ்ப்பள்ளி' என்னும் பெயர்ப்பலகை. ஆழம் அரை மில்லிமீட்டர் எனக் கட்டளையிட்டோம். வேலை முடிந்து தூளைத் துடைத்தபோது நமக்குத் தலைகுனிவே மிஞ்சியது. பலகை நடுவே சற்றுப் பள்ளமாக இருந்தமையால், ஓரத்து எழுத்துகள் மட்டும் பதிந்திருந்தன. நடு எழுத்துகளின்மேல் முனை மரத்தைத் தொடாமலே சென்றிருந்தது.

வேறொரு பலகையை எடுத்து, அதன் மேற்பரப்பைப் பொறியாலேயே சமன் செய்து, மீண்டும் செதுக்கினோம். இம்முறை எல்லா எழுத்துகளும் நன்றாகப் பதிந்தன. ஆனால் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி அதனை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'த, மி, ழ, ப, ப, ள, ளி'. அவள் படித்ததில் பிழையில்லை. பலகையில்தான் புள்ளிகளைக் காணோம்! முனையின் விட்டம் 3 மில்லிமீட்டர். எழுத்தின்மேல் இருந்த புள்ளிகளோ அதைவிடச் சிறியவை. முனை நுழைய முடியாத இடத்தைக் கணினி நிரல் சொல்லாமலே விட்டுவிட்டது.

பொறிக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. எழுத்தைக் காக்கும் பொறுப்பு நம்முடையது. ஆகவே மூன்று வழக்கங்களை மேற்கொண்டோம். முதலாவது, வரைவிலுள்ள புள்ளிகளை எண்ணி, வெட்டும் வழியைக் காட்டும் படத்திலும் அத்தனை புள்ளிகள் உள்ளனவா என்று பார்த்தல். 'தமிழ்ப்பள்ளி' என்றால் மூன்று புள்ளிகள் இருக்க வேண்டும். இரண்டாவது, சிறு புள்ளிகளுக்குக் கூம்பு வடிவ முனையைப் பயன்படுத்துதல். மூன்றாவது, 'இங்க்ஸ்கேப்' போன்ற வரைவு நிரலில் எழுத்துகளைக் கோட்டுருவங்களாக மாற்றிய பின்னரே அடுத்த நிரலுக்கு அனுப்புதல். அவ்வாறு மாற்றாவிடில், சில நிரல்களில் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும்.

செய்து பார்க்கத்தக்க மூன்று பொருள்கள்

முதலாவது, எழுத்துத் தடப் பலகை. 'அ' முதல் 'ஔ' வரையிலான பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் தனித்தனிப் பலகையில் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் செதுக்குக. முதலாம் ஆண்டுக் குழந்தைகள் அப்பள்ளத்தில் விரலை ஓட்டி எழுத்தின் வடிவத்தை உணர்வர். விரல் செல்லுமாறு தடத்தின் அகலம் 8 மில்லிமீட்டராவது இருக்கட்டும். விளிம்புகளை உப்புத்தாளால் நன்கு தேய்த்திடுக.

இரண்டாவது, ஆடுபுலி ஆட்டப் பலகை. இதற்குக் கோடுகள் மட்டுமே தேவை. ஆதலால் புதியவர்களுக்கு எளிது. கோடுகள் கூடும் இடங்கள் 23. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். 60 பாகைக் கூம்பு முனையை ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் செலுத்தினால், கோட்டின் அகலம் ஏறத்தாழ 1.15 மில்லிமீட்டராக வரும். ஆழத்தை இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும்.

மூன்றாவது, பல்லாங்குழி. 300 × 180 மில்லிமீட்டர்ப் பரப்புள்ள சிறு பொறியிலும் இது அடங்கும். ஒரு வரிசைக்கு ஏழு குழிகள். குழியின் விட்டம் 34. அடுத்தடுத்த நடுப்புள்ளிகளின் இடைவெளி 40. முதல் நடுப்புள்ளியிலிருந்து ஏழாவது வரை 240. அதனோடு 34ஐக் கூட்ட, மொத்தம் 274 மில்லிமீட்டர். பலகையின் கனம் 20 என்றால், குழியின் ஆழம் 10 போதும். வெட்டுமுனையின் நீளமும் 10 மில்லிமீட்டருக்கு மேல் இருத்தல் வேண்டும்.

இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? குழியின் பரப்பு 3.14 × 17 × 17, அதாவது ஏறத்தாழ 907 சதுர மில்லிமீட்டர். முனை ஒவ்வொரு வரிக்கும் 1.2 மில்லிமீட்டர் விலகிச் சென்றால், ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 756 மில்லிமீட்டர்ப் பயணம். ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள பத்து அடுக்குகளுக்கு 7,560. அதனை 500ஆல் வகுத்தால், குழி ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம். பதினான்கு குழிகளுக்கு மூன்றரை மணி நேரம்! அத்தனை நேரமும் ஒருவர் அருகிலிருந்து கவனித்தல் வேண்டும். செதுக்கியபின் உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி உலர்த்தி, மஞ்சாடி விதைகளை இட்டு விளையாடலாம்.

முடிவுரை

'கையால் செய்யும் வேலையைப் பொறி செய்துவிட்டால் கைத்திறன் அழிந்துவிடாதா?' எனப் பெற்றோர் சிலர் கேட்பர். நியாயமான வினாவே. ஆயினும் நாம் கண்டது வேறு. பலகை சமமாக உள்ளதா என்று உள்ளங்கையால் தடவி அறிதல், ஒலியைக் கேட்டே முனை மழுங்கியதை உணர்தல், மரத்தின் ஓட்டம் எத்திசையில் உள்ளது எனப் பார்த்தல் ஆகியவற்றைப் பொறி நமக்குச் செய்து தருவதில்லை. அவை யாவும் மனிதரிடமே உள்ளன. பால் வெட்டிய தாத்தாவும் பாட்டியும் தச்சு வேலை அறிந்த தந்தையும் பள்ளிக்கு வந்து, மாணவர்களின் அருகில் நின்று அவற்றைக் கற்பித்தால், எந்தக் கையேடும் அதற்கு ஈடாகாது.

பாட்டி பால் வெட்டிய தோட்டத்து மரம் முன்பு அடுப்பில் சாம்பலாயிற்று. இன்று அவ்வகை மரத்திலே பேத்தி 'அ' என்று செதுக்கி, தன் தம்பிக்கு எழுத்தறிவிக்கலாம். மாணவச் செல்வங்களே! கணக்கைப் பிழையறக் கற்பீர். தமிழைப் புள்ளி குறையாமல் எழுதுவீர். பெரியோரின் கைத்திறனைக் கேட்டறிவீர். இம்மூன்றும் கூடுமிடத்தில் நல்ல பொருள் உருவாகும்.