பூட்டாத மென்பொருள்: அன்றாடச் சிக்கல்களுக்கு ஐந்து வழிகள்



நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டைப் பிரித்தால் உள்ளே லீவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். அதுபோல மூல நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நண்பனுக்குக் காப்பி கொடுக்கலாம் என்று அனுமதிப்பதே கட்டற்ற மென்பொருள். 1991ல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கியில் படித்த 21 வயது மாணவர். நம்மைவிட மூன்று வயதுதான் கூட! காசில்லை என்று வைரஸோடு வரும் 'கிராக்' காப்பியைத் தேடவேண்டாம். இதோ சில வழிகள்.

1. பழைய லேப்டாப்: 2011ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்காக்கள் வாங்கியது வீட்டில் தூங்குகிறதா? லுபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். ஏற்றும்போது பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும். காப்பி எடுத்து வைப்பது முக்கியம்.

2. உதவித்தொகைப் படிவம்: போட்டோ 50 கேபிக்குள் வேண்டும் என்பார்கள். 'கிம்ப்' மென்பொருளில் 'ஸ்கேல் இமேஜ்' மூலம் அளவைக் குறைத்து, ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யும்போது 'குவாலிட்டி'யையும் கொஞ்சம் குறைத்தால் போதும். பிரிவியூவை டிக் செய்தால் எத்தனை கேபி என்று அங்கேயே காட்டும்.

3. அழிந்த ஃபைல்: பென்டிரைவில் புராஜெக்ட் அழிந்துவிட்டால் அதில் வேறெதையும் எழுதாதீர்கள். 'போட்டோரெக்' கொண்டு தேடி, மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள். பெயருக்கு போட்டோ என்றாலும் டாக்குமென்டையும் மீட்கும்.

4. டிராயிங்: மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் வீட்டில் இரு பரிமாணப் படம் போட்டுப் பழக 'லிப்ரேகேட்' உதவும். லேபில் உள்ளதற்கும் இதற்கும் கட்டளைகள் கொஞ்சம் மாறும். படம் போடும் முறை ஒன்றுதான்.

5. வட்டிக் கணக்கு: இதுதான் எங்க வீட்டுக்கு அதிகம் பயன்பட்டது. அம்மா நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கப் போகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். கடன் 10,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,000 அசல் கட்டிப் பத்து மாதத்தில் அடைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'லிப்ரே ஆபீஸ் கால்க்'கில் முதல் பத்தியில் மாதம், இரண்டாவதில் பாக்கி அசல், மூன்றாவதில் பாக்கிக்கு 1 சதவீதம். அடுத்த வரியில் பாக்கியிலிருந்து 1,000 கழியும்படி சூத்திரம் கொடுத்துக் கீழே இழுத்துவிடுங்கள். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் மொத்தம் 550 ரூபாய். பத்து மாதமும் முழு அசலுக்கே போட்டால் 1,000. இரண்டுமே 'ஒரு ரூபாய் வட்டி' என்றுதான் சொல்லப்படும். வித்தியாசமோ 450 ரூபாய்!

இதைப் பார்த்த அம்மா, "குழுவுல எல்லாருக்கும் இப்படிப் போட்டுக் குடுப்பியாடா?" என்றார். இப்போது கடன் வாங்கும் முன்பே "எந்தக் கணக்குல வட்டி?" என்று எங்க தெருப் பெண்கள் கேட்கிறார்கள்.

மேலும் படிக்க, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. வீட்டில் முதலில் படிக்க வந்த நாம், கற்றதை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டு போவோம் நண்பர்களே!